செங்கற் சுவரும் கூரையும் கூடும் இடத்தில் நீர்க்காப்பு

மழைநீர் வீட்டினுள் புகுவது பெரும்பாலும் கூரையின் பரந்த நடுப்பகுதி வழியாக அன்று. ஒரு பரப்பும் மற்றொரு பரப்பும் கூடுகின்ற வரம்பின் வழியாகவே அது புகுகின்றது. தளத்தின் நடுவில் நன்றாக இடப்பட்ட காரை பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். ஆனால் அத்தளம் கைப்பிடிச் சுவரைத் தொடும் மூலையில் இரண்டொரு மழைக்காலத்திற்குள்ளேயே ஓதம் தோன்றிவிடும். தாழ்வாரத்தின் சாய்ந்த ஓட்டுக் கூரையும் இவ்வாறே. ஓடுகள் உடையாமல் இருக்க, அவை வீட்டுச் சுவரைத் தொடும் கோட்டின் கீழ் நீர் வழிந்த கறை காணப்படும்.

இவ்வரம்பை மூடிக் காக்கும் தகட்டையோ படலத்தையோ பொறியியலார் 'பிளாஷிங்' என்று வழங்குவர். இக்கட்டுரையில் அதனை 'நீர்க்காப்புத் தகடு' என்று குறிப்பிடுவோம். செலவில் அது கட்டிடத்தின் மிகச் சிறிய பகுதி. ஆயினும் உத்தரம், கம்பி, பூச்சு ஆகிய யாவற்றின் ஆயுளும் ஓரளவு அதனைச் சார்ந்தே உள்ளது. அது எக்காரணத்தால் தேவைப்படுகிறது, எவ்வாறு பொருத்தப்பட வேண்டும் என்பதைப் பெங்களூர் நகரத்துக் கட்டிடங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

நீர் செல்லும் மூன்று வழிகள்

முதலாவது, புவியீர்ப்பினால் கீழ்நோக்கி வழிதல். இது எல்லாரும் அறிந்தது. 1 சதுர மீட்டர் பரப்பின்மீது 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். ஆகவே 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள மொட்டைமாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் விழுகின்றது. வாட்டம் தவறியிருந்தால் இந்நீரில் ஒரு பகுதி சுவரின் அடியில் தேங்கி நிற்கும்.

இரண்டாவது, காற்றின் தள்ளுதல். பலத்த காற்றுடன் பெய்யும் மழை செங்குத்தாக விழுவதில்லை. சுவரின் முகத்தில் மோதுகின்றது. மோதிய நீர் சுவர் வழியே வழிந்து, கூரை தொடும் கோட்டில் வந்து சேர்கின்றது. அங்குச் சிறு திறப்பு இருந்தாலும் காற்றின் அழுத்தம் நீரை உள்ளே செலுத்திவிடும்.

மூன்றாவது, நுண்புழைக் கவர்ச்சி. விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவது இதனாலேயே. நீரின் பரப்பு இழுவிசை காரணமாக மெல்லிய வெடிப்பில் நீர் தானே மேல்நோக்கிச் செல்லும். வெடிப்பு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். கணக்கிட்டுப் பார்த்தால், 1 மி.மீ. அகலமுள்ள இடுக்கில் நீர் ஏறத்தாழ 15 மி.மீ. உயரமும், 0.5 மி.மீ. இடுக்கில் 30 மி.மீ. உயரமும், 0.1 மி.மீ. இடுக்கில் 150 மி.மீ. வரையிலும் ஏறக்கூடும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத மயிரிழை வெடிப்பே பெரிய வெடிப்பினும் தொல்லை தருவது எதனால் என்பது இதிலிருந்து விளங்கும். தளத்தின் நீர்க்காப்புச் சுவரில் ஏறத்தாழ 150 மி.மீ. உயரம் ஏற்றப்பட வேண்டும் என்னும் நடைமுறை விதியைப் புரிந்துகொள்ளவும் இக்கணக்கு துணைசெய்யும்.

இனிச் செங்கல்லின் இயல்பைக் கருதுவோம். சுட்ட மண்ணாகிய செங்கல் நுண்துளைகள் நிரம்பியது. இந்தியத் தர விதித்தொகுப்பு எண் 1077 சாதாரண வகைச் செங்கல் 24 மணி நேரம் நீரில் ஊறினால் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீரை உறிஞ்சலாகாது என்று வரையறுக்கின்றது. 3 கிலோகிராம் எடையுள்ள செங்கல் இவ்வளவின்படி 600 கிராம் நீரை ஏற்கலாம். ஒரு செங்கல் நீளத் தடிப்புள்ள சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 செங்கற்கள் இருப்பதாகக் கொண்டால், முழுதும் நனைந்த நிலையில் அச்சதுர மீட்டர் 60 லிட்டர் நீரைத் தன்னுள் வைத்திருக்க முடியும். மழை நின்று பல நாட்கள் ஆன பின்னரும் சுவர் கசிந்துகொண்டிருப்பதன் காரணம் இதுவே.

சுவரும் தளமும் ஒன்றாக அசைவதில்லை

மூலையைச் சிமெண்டுக் கலவையால் நன்றாக அடைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏனெனில் வெப்பத்தால் எல்லாப் பொருள்களும் நீள்கின்றன. ஆனால் ஒரே அளவில் நீள்வதில்லை.

ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்குக் கான்கிரீட்டு தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 10 பங்கும், செங்கற்கட்டு ஏறத்தாழ 6 பங்கும் நீளும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் வெயிலில் 30 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. நீள்கின்றது. அதே நேரத்தில் சுவர் 15 டிகிரி மட்டுமே சூடேறுவதாகக் கொண்டால், அது 1 மி.மீ. அளவும் நீள்வதில்லை. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமை 2 மி.மீ. இது ஒரு நாளில் நேர்வது. இரவில் தளம் குளிர்ந்து மீண்டும் சுருங்கும். ஓராண்டில் முந்நூறுக்கு மேற்பட்ட முறை இவ்வாறு இழுபடும் மூலையில், வளையும் தன்மையற்ற சிமெண்டுக் கலவை வெடிக்காமல் நிற்க இயலாது. மேன்மேலும் வலிமையான கலவையைப் பூசுவது இதற்குப் பரிகாரம் அன்று. வலிமை மிகுந்த கலவை பெரும்பாலும் விறைப்பும் மிகுந்ததாக இருக்கும். சுவரும் தளமும் தத்தம் போக்கில் அசைய இடம் விட்டு, அவ்விடைவெளியில் நீர் நுழையாமல் மூடுவதே உரிய வழி. நீர்க்காப்புத் தகட்டின் அடிப்படை இக்கருத்தே.

பெங்களூரின் மழையும் வீடுகளும்

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அதன் ஆண்டு மழை சராசரியாக ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இம்மழை ஒரே பருவத்தில் பெய்துவிடுவதில்லை. ஏப்பிரல், மே மாதங்களில் சூறைக்காற்றோடு இடிமழை பெய்கின்றது. சூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகின்றது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கனமழை உண்டு. பின்னர் வடகிழக்குப் பருவக்காற்றும் ஓரளவு மழை தருகின்றது. எனவே இந்நகரத்தில் ஒரு திசைச் சுவரை மட்டும் காத்தால் போதும் என்று கருத இடமில்லை. அன்றியும், கோடையில் தளம் காய்ந்து வெடித்த உடனேயே இடிமழை வந்து அவ்வெடிப்புகளைச் சோதிக்கின்றது.

நகரத்தின் பழைய பகுதிகளில் இருவகைக் கூரைகள் உள. 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின்னர் விரைந்து வளர்ந்த மல்லேசுவரம், பசவனகுடி போன்ற இடங்களில், 'மதராஸ் டெரஸ்' எனப்படும் தட்டைத் தளமும், முன்புறத்தில் தாழ்வாரத்தின்மேல் மங்களூர் ஓட்டுக் கூரையும் அமைந்த வீடுகளைக் காணலாம். மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு இது. பிற்காலத்தில் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டுத் தளம் எங்கும் பரவியது. அண்மைக் காலத்தில் பூச்சு இல்லாமல் செங்கல்லின் முகம் வெளியே தெரியுமாறு கட்டும் முறையும், 1974இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தொடங்கிய 'அஸ்திரா' ஆராய்ச்சிப் பிரிவு வளர்த்த அழுத்திய மண் கற்களால் கட்டும் முறையும் இந்நகரத்தில் இடம்பெற்றுள்ளன. பூச்சு இல்லாத சுவருக்குக் கூரை வரம்பின் காப்பு இரு மடங்கு இன்றியமையாதது.

மதராஸ் டெரஸ் தளத்தில் அபாயம் மறைந்து நிற்கின்றது. இத்தளத்தில் மர உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்கோட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியிட்ட சுண்ணாம்புக் காரையைக் கொட்டித் திமிசு போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். அதாவது, கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலைக்கு நேர் கீழேயே அம்முனைகள் தாங்கி நிற்கின்றன. அங்கே நீர் இறங்கினால், காற்றோட்டமில்லாத மரமுனை ஈரத்தோடு இருக்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டி நீடித்து நின்றால் உளுக்கச் செய்யும் பூஞ்சணம் வளரத் தொடங்கும். அறையிலிருந்து பார்ப்பவனுக்கு உத்தரம் திடமாகவே தோன்றும்; சுவருக்குள் அதன் முனை பஞ்சுபோல் ஆகியிருக்கும். தளம் இறங்கும் நாளில்தான் குற்றம் வெளிப்படும்.

கான்கிரீட்டுத் தளத்திலும் கேடு வேறு வடிவில் நேர்கின்றது. இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, அது உண்டாகிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வது. ஆதலால் அது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து, கூரையின் அடிப்பகுதியைப் பெயர்ந்து விழச் செய்யும். கீழே உறங்குபவர்மேல் விழும் காரைத் துண்டு, மேலே மூலையில் விடப்பட்ட ஒரு வெடிப்பின் விளைவாக இருக்கலாம்.

காப்பின் தத்துவம்

நல்ல நீர்க்காப்பு இரண்டு உறுப்புகளால் ஆனது. ஒன்று, கூரையைச் சேர்ந்தது: அது தளத்திலிருந்து மேலெழுந்து சுவரோடு ஒட்டி நிற்கும். மற்றொன்று, சுவரைச் சேர்ந்தது: அது சுவரின் இணைப்பிலிருந்து வெளிவந்து, முதல் உறுப்பின் தலையை மூடிக் கீழே தொங்கும். மேலது கீழதை மூடுகின்றது. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதில்லை. தளம் நகர்ந்தால் முதல் உறுப்பு அதனோடு நகரும். சுவர் உறுப்பு தன் இடத்தில் நிற்கும். கூரை ஓடுகளில் மேலோடு கீழோட்டின் தலையை மூடுவது போன்ற ஏற்பாடே இது. நீர் ஒவ்வோர் அடியிலும் வெளிப்புறமாக இறங்கவேண்டும்; எவ்விடத்திலும் ஒரு விளிம்பின் பின்னே செல்ல வழி இருத்தலாகாது.

தட்டைக் கூரையில் பொருத்தும் முறை

முதலில் வாட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். தளம் சுவரிலிருந்து விலகி நீர்க்குழாயை நோக்கி, 100க்கு 1 என்ற அளவிலாவது சாய்ந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, தளமும் சுவரும் கூடும் செங்கோண மூலையை நிரப்ப வேண்டும். 75 மி.மீ. உயரமும் 75 மி.மீ. அகலமும் உள்ள முக்கோணமாகவோ உட்குழிவாகவோ கலவையிட்டு மூலையை மழுக்குவார்கள். செங்கோணத்தில் மடிக்கப்படும் தார்ப்படலம் மடிப்பில் கிழியும். மழுங்கிய மூலையில் அது மெல்ல வளைந்து ஏறும். இக்கலவை படலத்துக்குத் தாங்கலே அன்றி, தானே காப்பு ஆகாது.

மூன்றாவதாக, தார்ப்படலத்தைத் தளத்திலிருந்து இம்மூலை வழியாக ஏற்றி, முடிவுற்ற தளமட்டத்துக்கு மேல் 150 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் கொண்டு செல்லவேண்டும். 'முடிவுற்ற தளமட்டம்' என்னும் சொற்களைக் கவனித்தல் வேண்டும். தட்டோடு பதிப்பதற்கு முன் அளந்தால், பதித்த பின்னர் உயரம் குறைந்துவிடும்.

நான்காவதாக, சுவரில் கிடைமட்டமாகக் காடி வெட்டி, படலத்தின் மேல்விளிம்பை அதனுள் செருகிக் கலவையால் மூடவேண்டும். தார்ப்படலத்துக்கு ஏறத்தாழ 65 மி.மீ. ஆழமுள்ள காடி ஏற்றது. மேலே உலோகத் தகடு இடுவதாயின், செங்கல் வரிசைகளுக்கிடையே உள்ள படுக்கை இணைப்பை 25 முதல் 30 மி.மீ. ஆழம் சுரண்டி, தகட்டின் விளிம்பைப் பின்மடித்து நுழைத்து, ஏறத்தாழ 450 மி.மீ. இடைவெளியில் உலோக ஆப்பு அடித்து, இணைப்பை நிரப்புவார்கள். இங்கு மிகுந்த சிமெண்டுள்ள கலவை கூடாது. சிமெண்டு 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற மென்மையான கலவையோ, நெகிழும் பசையோ பயன்படும்.

தகட்டின் கீழ்விளிம்பைச் சற்று வெளியே வளைத்துவிடுதல் நலம். அங்கு நீர் துளியாகிச் சொட்டும். நுண்புழைக் கவர்ச்சியால் பின்னோக்கி ஏறாது.

சாய்ந்த ஓட்டுக் கூரையில் பொருத்தும் முறை

இங்கு இரண்டு வகை வரம்புகள் உள. ஓட்டுக் கூரையின் உச்சி சுவரைத் தொடுவது ஒன்று. கூரையின் பக்கம் சரிவாகச் சுவரைத் தொடுவது மற்றொன்று.

உச்சி வரம்பில் வேலை எளிது. சுவரில் 150 மி.மீ. ஏறி, ஓட்டின்மேல் 150 முதல் 200 மி.மீ. வரை இறங்கும் ஒரே தகடு போதும். மங்களூர் ஓட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப, வளையக்கூடிய தகட்டைத் தட்டிப் படிய வைக்கவேண்டும்.

பக்க வரம்பில் கூரைக்கோடு சரிவானது. செங்கல் வரிசையோ கிடைமட்டமானது. ஆதலால் தகட்டின் மேல்விளிம்பைப் படிக்கட்டுப் போல் வெட்டி, ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு படுக்கை இணைப்பில் செருகுவார்கள். சுவரில் சரிவாக ஒரே காடி வெட்டித் தகட்டைச் செருகுவது எளிதாகத் தோன்றினும், செங்கல்லையே அறுக்க நேர்வதால் சுவரின் முகம் கெடும். ஆகவே படிமுறையே சிறந்தது. தகட்டின் கீழ்ப்பகுதி சுவரையடுத்த ஓட்டின் மேட்டைக் கடந்து அப்பாலுள்ள பள்ளத்தில் இறங்கவேண்டும். மேட்டுக்கு முன்னரே நின்றால், நீர் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையிலேயே தங்கிவிடும். வேலையைக் கீழிருந்து தொடங்கி மேலே செல்லுதல் வேண்டும். மேல்துண்டு கீழ்த்துண்டை 100 மி.மீ. மூடவேண்டும்.

இவ்வரம்பின் கீழ்முனையில் கவனம் மிகவும் தேவை. தகட்டின் வழியே ஓடிவரும் நீர் முழுவதும் அங்கே வந்து சேர்கின்றது. முனையைச் சுவரிலிருந்து விலகுமாறு வெளிப்புறம் வளைத்து, நீரை மழைநீர்த் தொட்டிவாயில் விழச்செய்ய வேண்டும். இல்லையேல் அந்நீர் சுவரின் பூச்சுக்குப் பின்னே இறங்கும்.

பழைய கட்டிடங்களில் தகட்டுக்குப் பதிலாக ஒரு செங்கல் வரிசையை ஓட்டுக்கு மேல் சற்று வெளியே பிதுங்குமாறு கட்டி, அதன்கீழ்க் கலவையிட்டு இடைவெளியை மூடினர். அக்கலவை வெடித்தாலும் பிதுங்கிய வரிசை பெரும்பகுதி நீரை ஓட்டின்மேல் தள்ளிவிடும். பிதுங்கு வரிசை இல்லாமல் வெறும் கலவையை மட்டும் அடைப்பது அம்முறையின் பாதியை மறந்த செயலாகும்.

தகடுகளின் தேர்வு

ஒரு டிகிரி வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் இரும்பு 12 பங்கும், செம்பு 17 பங்கும், அலுமினியம் 24 பங்கும், ஈயம் 29 பங்கும் நீளும். 2.4 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.க்கு மேல் நீளும். ஆகவே நீண்ட தகட்டை இரு முனைகளிலும் ஆணியடித்து இறுக்கலாகாது. குறுகிய துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு இடவேண்டும்.

துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு மலிவானது. ஆனால் வெட்டிய விளிம்புகளில் துரு தொடங்கும். அலுமினியம் துருப்பிடியாது எனினும், ஈரமான சிமெண்டும் சுண்ணாம்பும் அதனை அரிக்கும்; காடிக்குள் செல்லும் பகுதிக்குத் தார்ப்பூச்சு இடவேண்டும். செம்பு நீண்ட காலம் நிற்பது. ஆனால் அதன்மேல் ஓடிய நீர் அலுமினியத்திலோ துத்தநாகப் பூச்சிலோ விழுந்தால் அவற்றை மின்வேதியியல் முறையில் அரிக்கும். ஈயம் எளிதில் வளையும். மேலைநாடுகளில் நெடுங்காலமாக வழங்குவது. பெங்களூரில் 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் பல கட்டிடங்களில் மழைநீர்ச் சேமிப்புக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நஞ்சாகிய ஈயத்தின்மேல் ஓடிய நீரைக் குடிநீர்த் தொட்டியில் சேர்த்தல் தகாது. ஆதலால் அத்தகைய கூரைகளுக்கு ஈயத்தைத் தவிர்க்கவேண்டும்.

சுவரின் உச்சியை மறவாமை

தகடு எவ்வளவு செம்மையாகப் பொருத்தப்பட்டாலும், அது சுவரின் முகத்தை மட்டுமே காக்கின்றது. கைப்பிடிச் சுவரின் உச்சி திறந்திருந்தால், நீர் செங்கல்லின் உள்ளே இறங்கி, தகட்டுக்குப் பின்புறமாகவே கடந்து, தளத்தின் அடியில் வெளிப்படும். எனவே உச்சியில் மூடுகல் வேண்டும். அது தளத்தை நோக்கிச் சாய்ந்து, சுவருக்கு வெளியே 40 முதல் 50 மி.மீ. நீண்டு, அடிப்பக்கத்தில் நீர் சொட்டும் காடி உடையதாக இருத்தல் வேண்டும். புதிதாகக் கட்டும்போது மூடுகல்லுக்கு அடியிலும், தகடு செருகும் வரிசையிலும் சுவரின் முழுத் தடிப்புக்கும் ஓதந்தடுக்கும் படலம் இடுவது சாலச் சிறந்தது. பின்னர் இதனைச் செய்வதாயின் சுவரைப் பிரிக்க நேரும்.

பழைய வீடுகளில் சோதனை

பழுது பார்க்குமுன் ஓதத்தின் மூலத்தை அறிதல் வேண்டும். மழையின்றியும் ஈரம் குறையாமலிருந்தால் குழாய்க் கசிவு என்று ஐயுறலாம். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை ஈரம் நின்றால் அது நிலத்திலிருந்து ஏறுவது. மழை பெய்த சில மணி நேரத்தில் சுவரின் மேற்பகுதியிலும் கூரையின் ஓரத்திலும் கறை விரிந்தால், குற்றம் நாம் கூறிய வரம்பில் உள்ளது.

ஐயம் தீர, வறண்ட நாளில் குழாய் நீரைக் கீழ்ப்பகுதியில் முதலில் விட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, படிப்படியாக மேலே செல்லவேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எவ்விடத்தில் புகுந்தது என்பது விளங்காது. கான்கிரீட்டுத் தளங்களில் நீர்வாய்களை அடைத்து 25 முதல் 50 மி.மீ. நீர் தேக்கி இரண்டு நாள் பார்ப்பதும் உண்டு. ஆனால் 50 மி.மீ. நீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோகிராம் எடையை ஏற்றுகின்றது. உத்தரமுனை உளுத்திருக்கக் கூடிய பழைய மதராஸ் டெரஸ் தளத்தில் இச்சோதனை செய்தல் கூடவே கூடாது. அங்கே முதற்கண் உத்தரம் சுவரில் நுழையும் இடத்தைக் கூரிய இரும்பு ஊசியால் குத்திப் பார்த்தல் வேண்டும். ஊசி எளிதில் இறங்கினால், உடனே முட்டுக் கொடுத்துத் தாங்கி, தகுந்த பொறியாளரை அழைத்தல் வேண்டும். கூரையின் மேல் வேலை அதன் பின்னரே.

பழுதுபார்க்கும்போது வெடிப்பின்மேல் வெறும் சாந்தைப் பூசி மறைப்பது பெருவழக்கு. அது அடுத்த கோடை வரை நிற்கும். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, உப்புப் பூத்துப் பூச்சையும் உதிர்க்கும். சுவரைக் கோடையில் நன்கு உலரவிட்டு, தளர்ந்த பூச்சை நீக்கி, காடி வெட்டி, தகட்டை முறையாக இடுவதே முடிவான பரிகாரம். பெங்களூரில் இவ்வேலைக்குச் சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்கள் ஏற்றவை.

வீடு கட்டுவோர் தரைக்கும் கதவுக்கும் பொருளை எண்ணிப் பார்த்துச் செலவிடுகின்றனர். கூரை வரம்பு கண்ணுக்குத் தெரியாததால் அது கொத்தனாரின் மனப்போக்குக்கு விடப்படுகின்றது. வரைபடத்திலேயே அம்மூலையைப் பெரிதாக வரைந்து, படலத்தின் உயரம், காடியின் ஆழம், தகட்டின் வகை, முனையின் வளைவு ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தால் இந்நிலை மாறும். வேலை முடிந்த பின்னர் ஆண்டுக்கு இருமுறை, கோடை இடிமழைக்கு முன்னும் செப்டம்பர் மழைக்கு முன்னும், ஒருவர் மாடிக்குச் சென்று நீர்வாய்களிலுள்ள சருகை நீக்கி, தகட்டின் விளிம்புகளைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு அரைமணி நேரம் போதும்.